சோப்புக் குமிழியும் கொரில்லாவும்

பூமியில் மனித குலம் அழிந்துவிட்டது. மிச்சம் எட்டே பேர். அவர்களையும் தீர்த்துக்கட்ட வேற்றுக்கிரகத்திலிருந்து வந்திருக்கும் ரோ-மேன் ஒரு குகை வாசலில் நிற்கிறான். கழுத்துக்குக் கீழே கொரில்லா. கழுத்துக்கு மேலே, ஆழ்கடலில் இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது போன்ற ஒரு ஹெல்மெட். அதன் உச்சியில் ஆன்டெனா. பக்கத்தில் மேஜை மீது அவனுடைய பயங்கர யந்திரம். அந்த யந்திரத்திலிருந்து சோப்புக் குமிழிகள் வந்துகொண்டே இருக்கின்றன. குமிழிக்கும் உலக அழிவுக்கும் என்ன சம்பந்தம் என்பது படம் முடியும்வரை தெரிவதில்லை. ஆனால் குமிழி யந்திரத்தைத் தந்த கம்பெனியின் பெயரை மட்டும் டைட்டிலில் மறக்காமல் போட்டிருக்கிறார்கள்.

படத்தின் பெயர் 'ரோபாட் மான்ஸ்டர்'. அமெரிக்காவில் 1953-ல் வந்தது, அதுவும் முப்பரிமாணத்தில். வில்லன் ஏறத்தாழ பாதி நேரம் குன்றின் மேல் ஏறுகிறான். மீதி நேரம் இறங்குகிறான். நடுவில் சம்பந்தமே இல்லாமல் இரண்டு டைனோசார்கள் சண்டை போடுகின்றன. அந்தக் காட்சி 1940-ல் வந்த வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. கடைசியில் எல்லாம் ஒரு சிறுவன் கண்ட கனவு என்று தெரிகிறது. நிம்மதிப் பெருமூச்சு விடும்போது குகைக்குள்ளிருந்து மறுபடியும் கொரில்லா வருகிறது.

இந்தப் படத்தை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன். டார்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' (1972) படத்தை ஒரு முறை, மிகுந்த பக்தியுடன் பார்த்தேன். இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. பல ஆண்டுகளாக எண்ணமாகவே இருக்கிறது.

இது எனக்கு மட்டும் உள்ள கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரின் உள்ளூர் டி.வி. ஒன்றில் 1988-ல் ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. 'மிஸ்டரி ஸயின்ஸ் தியேட்டர் 3000' என்று பெயர். ஒரு மோசமான படத்தை முழுசாக ஓடவிடுவார்கள். திரையின் அடியில், தியேட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல ஒரு மனிதனும் இரண்டு பொம்மை ரோபாட்களும் நிழலுருவாகத் தெரிவார்கள். படம் நெடுக அவர்கள் அடிக்கும் கமென்ட்தான் நிகழ்ச்சி. நாடு முழுவதும் பிரபலமாகி, பல ஆண்டுகள் ஓடி, நின்று, ரசிகர்களின் பணத்தால் மறுபடியும் உயிர்பெற்றது. அமெரிக்க விமர்சகர்கள் இதைப் புதிய கலைவடிவம் என்று கொண்டாடினார்கள். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து, வில்லன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான் என்று கதாநாயகிக்குச் சத்தமாகத் தகவல் சொன்ன நம் தரை டிக்கெட் ரசிகர்களுக்கு யாரும் அப்படிப் பட்டம் தரவில்லை.

மோசமான படம் எல்லா வகையிலும் இருக்கிறது. மோசமான குடும்பப் படம், மோசமான காதல் படம், மோசமான பக்திப் படம். இவற்றை ஏன் இப்படி விழுந்து விழுந்து பார்க்கத் தோன்றுவதில்லை? என் கணிப்பில் காரணம் இதுதான். குடும்பப் படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதற்குத் தெரு இருக்கிறது, திண்ணை இருக்கிறது, சமையலறை இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் உலகத்தில் சாய்ந்துகொண்டு அது தப்பித்துவிடும். பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும், அவ்வளவுதான். விஞ்ஞானக் கதைப் படத்துக்குச் சாய்ந்துகொள்ள எதுவும் கிடையாது. நாற்காலி முதல் நட்சத்திரம்வரை எல்லாவற்றையும் அதுவே செய்தாக வேண்டும். கையில் காசில்லாத ஒருவன் அட்டையையும் பசையையும் வைத்துக்கொண்டு ஒரு பிரபஞ்சத்தைச் செய்ய முற்படுகிறான். அது எங்கே பிய்ந்துகொள்கிறது என்பது ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிகிறது.

தெருக்கூத்தில் இது தெரியவே தெரியாது. மீசையை மழித்த ஆண் திரௌபதியாக வருகிறார். மூன்று நாள் தாடி லேசாக முளைத்திருக்கிறது. கையில் இருப்பது கட்டை, அதுதான் காண்டீபம். யாரும் சிரிப்பதில்லை. ஆடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 'இது நிஜம்' என்று கூத்து ஒருபோதும் சொல்வதில்லை. 'இதை நிஜம் என்று வைத்துக்கொள்' என்று கேட்கிறது. காமிரா அப்படிக் கேட்பதில்லை. 'இதோ பார், பறக்கும் தட்டு' என்று காட்டுகிறது. நமக்குத் தெரிவது தட்டு. கூடவே அதைக் கட்டித் தூக்கும் நூல். அந்த நூல் கண்ணில் பட்டவுடன் ஒரே திரையில் இரண்டு படங்கள் ஓட ஆரம்பிக்கின்றன. ஒன்று, வேற்றுக்கிரகவாசிகள் பூமியைத் தாக்கும் கதை. மற்றொன்று, அந்தக் கதையை எப்படியாவது எடுத்து முடித்துவிட வேண்டும் என்று சிலர் படும் பாடு. இரண்டாவது படம் பெரும்பாலும் முதலாவதைவிட நல்ல படம்.

நூலைப் பற்றிச் சொன்னால் எட் வுட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. எட்வர்ட் டி. வுட் ஜூனியர், மோசமான படங்களின் சக்கரவர்த்தி. அவர் 1956-ல் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் ஒரு திட்டம் போடுகிறார்கள். செத்தவர்களை எழுப்பிவிட்டு, மனிதர்களைத் திகிலடையவைத்து, பிரபஞ்சத்தையே நாசமாக்கும் ஒரு குண்டை அவர்கள் கண்டுபிடிக்காமல் தடுக்க வேண்டும். இதற்குமுன் எட்டுத் திட்டங்கள் தோற்றுவிட்டனவாம். ஒன்பதாவது திட்டத்தில் படம் முடியும்வரை எழுந்துவரும் பிணங்கள் மொத்தம் மூன்று.

மூன்றில் ஒருவர் பெலா லுகோஸி. 1931-ல் டிராகுலாவாக நடித்து உலகையே பயமுறுத்தியவர். வறுமையிலும் போதைப் பழக்கத்திலும் விழுந்து கிடந்த அவரை வைத்து எட் வுட் சில நிமிடக் காட்சிகளை எடுத்து வைத்திருந்தார். 1956 ஆகஸ்டில் லுகோஸி இறந்துவிட்டார். அந்தச் சில நிமிடங்களை வீணாக்க எட் வுட்டுக்கு மனம் வரவில்லை. அதைச் சுற்றியே ஒரு படம் பண்ணினார். மீதிக் காட்சிகளில் லுகோஸிக்குப் பதிலாக நடித்தவர், எட் வுட் மனைவிக்கு முதுகெலும்பைத் தட்டி நிமிர்த்திவிடும் வைத்தியர். லுகோஸியைவிட உயரம். ஜாடை துளியும் இல்லை. அதனால் படம் முழுவதும் கறுப்பு அங்கியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டே நடமாடுகிறார்.

பணம் போட்டவர்கள் ஒரு பாப்டிஸ்ட் சர்ச்சைச் சேர்ந்தவர்கள். அவர்கள் திருப்திக்காகப் படக் குழுவில் சிலர் ஞானஸ்நானமே எடுத்துக்கொண்டார்கள். படத்தில் விமானி அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவே கதவு கிடையாது, திரைச்சீலை. கல்லறைத் தோட்டத்தில் யாராவது தடுக்கினால் சமாதிக் கல் ஆடுகிறது. ஒரே துரத்தலில் ஒரு ஷாட் பகல், அடுத்த ஷாட் இரவு. இதையெல்லாம் கவனித்துச் சொன்னவர்களிடம் எட் வுட் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எடுத்தவரைக்கும் அவர் மனக்கண்ணில் படம் முழுமையாக ஓடிக்கொண்டிருந்தது.

மொழிபெயர்ப்பு என் தொழில். அந்தக் கோணத்தில் இந்தப் படங்கள் எனக்கு ஒரு தனிச் சிக்கலைத் தருகின்றன. நண்பர்கள் சிலர் நடத்தும் சிறிய திரையிடலுக்காக 'பிளான் 9' படத்துக்குத் தமிழில் வசன வரிகள் எழுத உட்கார்ந்தேன். படத்தின் தொடக்கத்தில் ஒரு ஜோதிடர் (அந்தக் காலத்து அமெரிக்க டி.வி.யில் நிஜமாகவே பலன் சொல்லிக்கொண்டிருந்தவர்) நம்மை நேராகப் பார்த்துப் பேசுகிறார். எதிர்காலத்தில் நடக்கும் சம்பவங்கள் எதிர்காலத்தில் நம்மைப் பாதிக்கும் என்பது அவர் எச்சரிக்கையின் சாரம். மொழிபெயர்ப்பவனுக்குக் கை துறுதுறுக்கும் இடம் இது. ஒரு 'எதிர்காலத்தை' எடுத்துவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும். பத்திரிகை அலுவலகத்தில் மந்திரிகளின் அறிக்கைகளுக்கு நாங்கள் தினமும் செய்யும் சேவை அதுதான். முன்னுக்குப்பின் முரணானதை நேராக்குவோம், இரட்டிப்பைக் களைவோம், எழுவாய் தொலைந்திருந்தால் தேடிப் பிடித்து ஒட்டுவோம். வாசகர் படிக்கும்போது மந்திரி தெளிவாகப் பேசியிருப்பார்.

எட் வுட்டுக்கு அதைச் செய்தால் படமே செத்துவிடும். எனவே இரண்டு 'எதிர்காலமும்' அப்படியே இருந்தன. ஆனால் அதிலும் ஒரு நுட்பம் தேவைப்பட்டது. தமிழ் மோசமாக இருந்தால் போதாது. மூலம் எந்த விதத்தில் மோசமோ அதே விதத்தில் மோசமாக இருக்க வேண்டும். எட் வுட்டின் வசனம் அலட்சியத்தால் கெட்டது அல்ல. கம்பீரமாகப் பேச வேண்டும் என்ற ஆசையால் கெட்டது. எம்.ஏ. வகுப்பில் சீவக சிந்தாமணியில் தேறியவர்கள்கூட இந்த இடத்தில் திணறித்தான் போக வேண்டும். கடைசியில் எனக்குக் கைகொடுத்தது கல்லூரி ஆண்டு விழாக்களில் கேட்ட வரவேற்புரைகளின் நடை.

'ரோபாட் மான்ஸ்டர்' படத்திலும் ஒரு வசனம் இருக்கிறது. எட்டுப் பேரையும் கொல்ல வந்த ரோ-மேனுக்கு அவர்களில் ஒரு பெண் மேல் ஆசை வந்துவிடுகிறது. அவளையும் கொல் என்று மேலிடத்து உத்தரவு. கொரில்லா உடைக்குள்ளிருந்து அவன் தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறான்: என்னால் முடியாது, ஆனால் செய்தாக வேண்டும், 'ஆக வேண்டும்' என்பதும் 'முடியாது' என்பதும் வரைபடத்தில் எந்தப் புள்ளியில் சந்திக்கின்றன? கூட்டமாகப் பார்க்கும்போது இந்த இடத்தில் தியேட்டரே வெடிக்கும். கொரில்லா கணக்குப் பாடம் பேசுகிறதே.

முதல் முறை நானும் சிரித்தேன். மூன்றாம் முறை பார்க்கும்போது அந்த வரி வேறு மாதிரிக் கேட்டது. இயக்குநர் ஃபில் டக்கருக்குப் படம் வெளியானபோது வயது 26. படத்துக்கான செலவு சுமார் 16,000 டாலர் என்று சொல்லப்படுகிறது. ஹாலிவுட்டை ஒட்டிய பிரான்ஸன் பள்ளத்தாக்கில் நான்கே நாள் படப்பிடிப்பு. ரோபாட் உடை தைக்கப் பணம் இல்லை. ஜார்ஜ் பாரோஸ் என்ற நடிகரிடம் சொந்தமாக ஒரு கொரில்லா உடை இருந்தது. கொரில்லா வேஷம் கட்டுவது அவர் பிழைப்பில் ஒரு பகுதி. அவரைக் கூப்பிட்டுத் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்தார் டக்கர். முடியாது என்பது பட்ஜெட்டிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் ஆக வேண்டும். இரண்டும் சந்தித்த புள்ளிதான் குகை வாசலில் நிற்கும் அந்த உருவம். அதே ஆண்டு டிசம்பரில் டக்கர் தற்கொலைக்கு முயன்றார். காப்பாற்றப்பட்டார். பின்னாளில் படத்தொகுப்பில் வேலை பார்த்து, 1985 வரை வாழ்ந்தார்.

நம் நாட்டிலும் இந்தப் புள்ளியில் நின்றவர்கள் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1952-ல் 'தி ஜங்கிள்' எடுத்தார். தமிழில் 'காடு'. காட்டில் யானைகள் மிரண்டு ஓடி ஊரை அழிக்கின்றன. எதைக் கண்டு மிரள்கின்றன? பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன, உடலெல்லாம் ரோமம் அடர்ந்த மாமத்துகளைக் கண்டு. மாமத்துக்கு எங்கே போவது? யானைக்கே ரோமம் கட்டிவிட்டார்கள். ஆக, யானை வேஷம் போட்ட யானையைப் பார்த்து யானைகள் ஓடுகின்றன. நம் வெயிலில் கம்பளி போர்த்தி நின்ற அந்த யானைகளின் மனநிலை பற்றி எந்த விமர்சகரும் எழுதவில்லை.

1963-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'கலை அரசி'யை மோசமான படம் என்று சொல்ல எனக்குத் துணிவும் இல்லை, விருப்பமும் இல்லை. அதில் வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வருவது குண்டு வீச அல்ல. அவர்களிடம் விஞ்ஞானம் இருக்கிறது, கலை இல்லை. பாட்டுக் கற்றுத்தர ஒருத்தியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். பானுமதியை! ஹாலிவுட்டில் அதே காலத்தில் வந்த எந்த மலிவான விஞ்ஞானப் படத்துக்கும் தோன்றாத யோசனை இது. செட்டில் அட்டை தெரிகிறது, உடை ராஜா-ராணிப் படத்தில் மிஞ்சியது போல இருக்கிறது. இருந்தும் சங்கீதத்துக்காகக் கிரகம் விட்டுக் கிரகம் வருகிறவர்களை நம்மைத் தவிர வேறு யார் கற்பனை செய்திருப்பார்கள்?

வடக்கே தாரா சிங் 1967-ல் சந்திரனுக்கே போய்விட்டார். 'சாந்த் பர் சடாயீ', அதாவது சந்திரன் மீது படையெடுப்பு. நீல் ஆர்ம்ஸ்ட்ராங் போவதற்கு இரண்டு வருடம் முன்பே. அங்கே அவர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பூமியில் எதைச் செய்தாரோ அதையே செய்கிறார். எதிரே வரும் ஜந்துவைத் தூக்கித் தரையில் அடிக்கிறார். சந்திரனில் ஈர்ப்பு விசை குறைவு என்ற தகவல் அந்தக் குஸ்தியை எந்த விதத்திலும் பாதிக்கவில்லை. எட் வுட்டின் எழுந்து நடக்கும் பிணங்களில் ஒருவரும் ஸ்வீடனில் பிறந்த குஸ்தி வீரர் என்பது நினைவுக்கு வருகிறது. வேற்றுலகம் என்றால் ஒரு பயில்வான் வேண்டும் என்பதில் இரு நாடுகளும் ஒத்துப்போயிருக்கின்றன.

அதே 1967-ல்தான் சத்யஜித் ராய் 'தி ஏலியன்' திரைக்கதையை எழுதி முடித்தார். வங்காள கிராமம் ஒன்றில், தாமரைக் குளத்தில் ஒரு விண்கலம் இறங்குகிறது. அதிலிருந்து வருவது கொல்ல வந்த ஜந்து அல்ல. குறும்பும் கருணையும் கொண்ட ஒரு சின்ன உயிர். கொலம்பியா நிறுவனம் ஆர்வம் காட்டியது. மார்வாரி வியாபாரி வேடத்துக்குப் பீட்டர் ஸெல்லர்ஸ் என்று பேச்சு. இடைத்தரகு, உரிமைக் குழப்பம், ஹாலிவுட் இழுபறி என்று போய், கடைசிவரை அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. பின்னாளில் ராய் அந்த அனுபவத்தை எழுதியிருக்கிறார். படித்தால் வருத்தமாக இருக்கும்.

ராயின் படத்தில் நூல் தெரியாது. எப்படித் தெரியும்? படமே இல்லையே. அது நம் மனதில் குறையே இல்லாமல் இருக்கிறது. தாரா சிங்கின் சந்திரனில் எல்லாக் குறையும் இருக்கிறது, ஆனால் சந்திரன் இருக்கிறது. யாரோ ஒரு தையல்காரர் அந்த ஜந்துவின் உடையைத் தைத்திருக்கிறார். யாரோ அதற்குள் புகுந்து வியர்த்திருக்கிறார். ராயின் விண்கலம் இறங்கியிருந்தால் இந்தியப் படவுலகமே வேறு திசையில் போயிருக்கும் என்று நம்புகிறவன் நான். அதற்காக, இறங்கிய விண்கலத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

சிரிப்பதில் கொஞ்சம் கொடூரம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட் வுட் கடைசிக் காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காக மலிவான ஆபாச நாவல்கள் எழுதினார். குடி முற்றியிருந்தது. 1978 டிசம்பரில் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். சில நாட்களில் நண்பர் ஒருவர் வீட்டில் இறந்தார். வயது 54. இரண்டே ஆண்டு கழித்து, 1980-ல், மெட்வெட் சகோதரர்கள் மோசமான படங்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் வாசகர் வாக்கெடுப்பில் உலகத்திலேயே மோசமான படமாக 'பிளான் 9' தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் புகழ் வந்தது. நள்ளிரவுக் காட்சிகள், ரசிகர் மன்றங்கள், டிம் பர்ட்டன் 1994-ல் அவர் வாழ்க்கையை வைத்து எடுத்த படம். அந்தப் படத்தில் லுகோஸியாக நடித்த மார்ட்டின் லேண்டாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஒப்பனைக்கும் ஓர் ஆஸ்கர். எட் வுட் வாழ்ந்த காலத்தில் அவர் படங்களுக்கு ஒரு கேக் துண்டுகூடக் கிடைத்திருக்காது.

இதை யோசிக்கும்போது மெட்வெட் சகோதரர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதுண்டு. ஆனால் கேலிக்கு வந்தவர்களில் பலர் கேலியோடு நிற்கவில்லை. படத்தை மறுபடி மறுபடி பார்த்தார்கள். நடித்தவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தார்கள். துண்டுப் படச் சுருள்களைச் சேகரித்தார்கள். துருக்கியில் 1982-ல் 'துன்யாயி குர்த்தாரன் ஆதம்' என்று ஒரு படம் வந்தது. 'உலகைக் காப்பாற்றிய மனிதன்' என்று பொருள். கதாநாயகன் ஜூனெய்த் அர்கின் விண்கலம் ஓட்டுகிறார். அவருக்குப் பின்னால் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்வெளிச் சண்டை ஓடுகிறது, யாருடைய அனுமதியும் இல்லாமல். பின்னணி இசையில் ஒரு பகுதி 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்துடையது, அதற்கும் அனுமதி இல்லை. நாயகன் காலில் பாறையைக் கட்டிக்கொண்டு குதித்துப் பயிற்சி எடுக்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. மங்கலான வீடியோ நகல்களில் மட்டுமே கிடைத்துவந்த இந்தப் படத்தின் 35 மி.மீ. பிரதியைச் சில ஆண்டுகளுக்கு முன் ஆர்வலர்கள் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, புதிது போல ஆக்கிவிட்டார்கள். எல்லாம் சிரிக்க வந்தவர்கள்.

இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா' (1931) இன்று இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' (1931) இல்லை. இரண்டையும் எல்லோரும் மரியாதையோடுதான் நினைவுகூர்கிறோம். மரியாதை ஒரு பிரதியைக்கூடக் காப்பாற்றவில்லை.

இப்போது வேறொரு வியாபாரம் நடக்கிறது. மோசமான படத்துக்குக் கிராக்கி இருப்பதைப் பார்த்துத் தெரிந்தே மோசமாக எடுக்கிறார்கள். 2013-ல் 'ஷார்க்நேடோ' வந்தது. சூறாவளி கடலிலிருந்து சுறாக்களை அள்ளிக்கொண்டு வந்து நகரத்தின் மேல் கொட்டுகிறது. 2018-க்குள் ஆறு பாகங்கள். இரண்டாவதை என்னால் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை. திரையில் இருப்பவர்கள் 'எவ்வளவு மோசம் பார்த்தாயா' என்று நம்மைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறார்கள். நாம் கண்டுபிடிக்க அங்கே நூலே இல்லை. நூலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஸூஸன் ஸொண்டாக் 1964-லேயே தன் புகழ்பெற்ற கட்டுரையில் இந்த வித்தியாசத்தைப் பிடித்திருந்தார்: அறியாமல் விளைவதற்கும் அறிந்து செய்வதற்கும் இடையே உள்ளது அது. முதலாவதில்தான் ருசி.

பணம் கொட்டிக் கெட்டுப்போன படங்களும் இந்த வகையில் சேரா. ஜான் டிரவோல்டா நடித்த 'பேட்டில்ஃபீல்டு எர்த்' (2000) படத்தில் காமிரா எப்போதும் சாய்ந்தே இருக்கிறது. பார்க்கிறவருக்குக் கழுத்துச் சுளுக்கு வரும். சிரிப்பு வருகிறது, பரிவு வரவில்லை. கையில் எல்லாம் இருந்தும் கெடுத்தவர்கள் அவர்கள். தூர்தர்ஷனில் 1990-களின் கடைசியில் வந்த 'கேப்டன் வ்யோம்' தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே புரியும். மிலிந்த் சோமனின் பளபளா உடையையும், கம்ப்யூட்டரில் செய்த அந்தக் கிரகங்களையும் இன்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் நம் நாட்டு மொழி பேசும் ஒருவன் விண்வெளியில் போவதை வாரா வாரம் யாரோ சிரத்தையாகக் காட்டினார்கள். அந்தச் சிரத்தையை உட்கார்ந்து பார்த்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள். தனியாகப் பார்க்கக் கூடாது; குறைந்தது மூன்று பேர் வேண்டும். மூவரில் ஒருவராவது விஞ்ஞானம் படித்தவராக இருந்தால் கூடுதல் வேடிக்கை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று ஆட்சேபிப்பார். முதல் படமாக 'பிளான் 9' வேண்டாம். அதில் பேச்சு அதிகம். 'ரோபாட் மான்ஸ்டர்' நல்லது, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான். இணையத்தில் தேடினால் கிடைக்கும். வீட்டுப் பிள்ளைகளைக் கூட உட்காரவைத்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'இதை நிஜமாகவே தியேட்டரில் காட்டினார்களா?' என்பதாக இருக்கும். காட்டினார்கள். காசு வாங்கிக்கொண்டு, முப்பரிமாணக் கண்ணாடியும் கொடுத்து.

சிரித்து ஓய்ந்த பிறகு, இரண்டாம் முறை ஓடும்போது, கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் இசையை மட்டும் கேட்கலாம். இசையமைத்தவர் எல்மர் பெர்ன்ஸ்டீன். கம்யூனிஸ்ட் அனுதாபி என்ற சந்தேகத்தால் அப்போது பெரிய ஸ்டூடியோக்கள் அவரைத் தவிர்த்துவந்தன. கிடைத்த வேலை இதுதான். மூன்று ஆண்டு கழித்து அவர் 'தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்துக்கு இசையமைத்தார். 1960-ல் 'தி மேக்னிஃபிஷன்ட் செவன்'. 1962-ல் 'டு கில் எ மாக்கிங்பேர்டு'. 1953-ல் அவருக்கு முன்னால் இருந்தது நான்கு நாளில் எடுத்த ஒரு படம். ஹெல்மெட் மாட்டிய கொரில்லா குன்றின் மேல் ஏறுகிறது, இறங்குகிறது. அவர் அதற்கு இசை எழுதியிருக்கிறார். ஓர் இடத்தில்கூட அந்த இசை சிரிக்கவில்லை.